பேக்கன் சான்ட்விச்சும் நல்லூர்க் கொடியும்

சமையல்காரனுக்கு நாக்குத்தான் மூலதனம்; நான் அதைப் பூட்டி வைத்துவிட்டுத் தொழிலைத் தொடங்கியவன்.

கோப்பை கழுவி முன்னுக்கு வந்தவர்களுக்கு இது விளங்கும். மொன்றியலில் வில்லரேப் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் கழுவினேன். முதலாளி லொரேன் அமெரிக்காவின் தெற்கிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். அடுப்படியில் நின்றவர் டோர்வல் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போனதும் அந்த இடத்தைக் கேட்டேன். லொரேனின் ஊர்ச் சாப்பாடு ஒன்றுதான் கடையில் அதிகம் ஓடும்: தக்காளிக்காயை வட்டமாக வெட்டி, மோரில் தோய்த்து, சோள மாவில் புரட்டி, பேக்கன் எனும் உப்பிட்ட பன்றி இறைச்சியின் கொழுப்பில் பொரித்து, பொரித்த பேக்கனோடு பாணுக்குள் வைப்பது. "மாதக் கடைசியில் சாப்பிட்டுப் பார்ப்பேன். அதுவரை எட்டியும் பார்க்கமாட்டேன். சரிவராவிட்டால் திரும்பவும் கழுவுதொட்டிதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தால் மறுநாள் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயில் கொடியேற்றம். இருபத்தைந்தாம் நாள் தீர்த்தம், அதுவும் மாதக் கடைசி. கொடியேறினால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. கொழும்பு லொட்ஜிலும் விடவில்லை, அகதியாக வந்திறங்கிய வருடமும் விடவில்லை. ஒரு சான்ட்விச்சுக்காக விடுவதாக இல்லை. அடுப்பையும் விடுவதாக இல்லை. மனைவி சொன்னது இவ்வளவுதான்: "சமைக்கிறதுக்கு விரதமில்லைத்தானே. வாயில வைக்காதேங்கோ."

மஞ்சள்

முதல் நாள் கை தன்பாட்டில் வேலை செய்தது. தக்காளிக்காயை வெட்டியதும் உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்துவிட்டேன். வாழைக்காய் பொரித்துப் பழகிய கை. யார் வாங்கி வைத்ததோ, மஞ்சள்தூள் போத்தலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் தட்டு தினமும் மத்தியானம் வரும் தபால்காரருக்குப் போனது. அவர் பாணைத் திறந்து பார்த்தார், பாதி சாப்பிட்டார், மிச்சத்தைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் வந்தது: "இந்தத் தக்காளிக்குக் காமாலை போல இருக்கிறது."

கழன்ற மா

மஞ்சளை விட்டேன், அடுத்ததாக மா விட்டுப் போனது. கொழுப்பில் போட்டால் காய் ஒரு பக்கம், மா ஒரு பக்கம். விடுவேனா? வீட்டில் மரக்கறி எண்ணெயில் ஒவ்வொரு பின்னேரமும் பொரித்துப் பார்த்தேன். உப்புப் போட்டு, விட்ட தண்ணீரைத் துணியால் ஒற்றி, மா புரட்டிய துண்டுகளைக் கால் மணித்தியாலம் ஆறவிட்டால் மா பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் வீட்டில் இரவுச் சாப்பாடு அதுதான். பத்தாம் நாள் மகள் பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டாள்: "அப்பா, நாளைக்குச் சோறு கிடைக்குமா?"

வெள்ளிக்கிழமை

பேக்கனுக்கு எனக்கு வாய்த்த நாக்கு, சலாட் வெட்டும் பிலோமினா அக்கா. மன்னார்க்காரி. ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொரியட்டும் தம்பி" என்பார். வெள்ளிக்கிழமை துண்டை நீட்டினால் வாயை மூடிக்கொண்டார். அக்கா கத்தோலிக்கர்; வேதக்காரருக்கு வெள்ளியில் இறைச்சி இல்லை. பரிமாறும் பையன் மொரோக்கோ முஸ்லிம், அவனிடம் கேட்கவே தேவையில்லை. வெளியே பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். தாச்சியில் சடசடப்பு அடங்குமட்டும் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு துண்டை எடுத்துக் காதருகே முறித்தேன். டக்கென்று முறிந்தது. அனுப்பினேன், எல்லாத் தட்டும் வெறுமையாகத் திரும்பி வந்தது. பிலோமினா அக்கா என்னையும் பையனையும் ஒரு சுற்றுப் பார்த்தார்: "நல்ல ஆக்கள்தான் நாங்கள். எங்களை நம்பினால் பண்டி தப்பிப் போயிடும்."

தீர்த்தம்

மாதக் கடைசியில் லொரேன் வந்து உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். கடிக்க முன், "நீ ருசி பார்த்தாயா?" என்றார். தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். தீர்த்தத்தன்று பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை. இந்த மாதம் முழுக்க ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை" என்று காரணத்தையும் சொன்னேன். ஆறு வருடக் கழுவுதொட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஆனால் இது சரியாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றேன். அவர் கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்: "கழுவுதொட்டிக்கு ஆள் தேட வேண்டும்."

நாக்கு திரும்பிய நாள்

திருவிழாவின் கடைசிப் பூசையான வைரவர் மடையும் முடிந்தது. முதல் தடவையாக என் சான்ட்விச்சை நானே கடித்துப் பார்த்தேன். உறைப்பு காணாது. இவ்வளவு நாளும் இதையா சாப்பிட்டார்கள் என்று வெட்கமாகப் போய்விட்டது. மயோனீஸில் மிளகாய்த்தூள், மாவில் மிளகு, எல்லாம் தாராளமாகச் சேர்த்தேன். தபால்காரர் பாதி சாப்பிட்டு, இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்து, நேரே சமையலறை வாசலுக்கு வந்தார்: "போன கிழமை இதைச் செய்தவர் இன்றைக்கு லீவா?"

அன்றிலிருந்து, வீட்டில் மீனும் இறைச்சியும் வழமைபோல நடந்தாலும், பேக்கன் விஷயத்தில் மட்டும் எனக்கு வருடம் முழுக்க நல்லூர்த் திருவிழாதான்.