முனீஸ்வரர் கோயிலடியில் நெப்டியூன்

சுங்கை சிப்புட்டில் என் தங்கை அறிவியல் கற்பிக்கும் தமிழ்ப்பள்ளியில் அந்தத் தவணை முழுவதும் விண்வெளிதான். நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை எல்லாப் பாடங்களும் அதைச் சுற்றியே நடந்தன. கணிதத்தில் கோள்களின் தூரம், தமிழில் நிலாவைப் பற்றிய கட்டுரை, ஓவியத்தில் ராக்கெட். பிள்ளைகள் சுவர்ச் செய்தித்தாள் ஒன்று நடத்தப் போகிறார்கள், பத்திரிகையில் வேலை பார்த்த நீ வந்து திருத்திக் கொடு என்று தங்கை கேட்டாள். ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டிலிருந்து புதன்கிழமைதோறும் காரில் போய் வந்தேன். பிள்ளைகள் எனக்குப் பேப்பர் ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரம் என் கைக்கு வந்த தலைப்புச் செய்தி: 'சூரியன் மிக மிகப் பெரியது.'

"எவ்வளவு பெருசு? எது பக்கத்துல வச்சுப் பார்த்தா?" என்று கேட்டேன். பழக்க தோஷம். எழுதிய பையன் இரண்டு கைகளையும் விரித்தான். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை தங்கை வீட்டு அஞ்சறைப்பெட்டியையும் ஒரு தட்டில் சில காய்களையும் கடலைகளையும் விளையாட்டு அறையிலிருந்து ஒரு பழைய கால்பந்தையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தப் பந்துதான் சூரியன். இப்ப பூமிய எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

ஒருவன் எலுமிச்சையை எடுத்தான். தங்கை தலையை ஆட்டினாள். இன்னொருத்தி பட்டாணியை எடுத்தாள். அதுவும் இல்லை. மிளகு? அதுவும் பெரிது. கடைசியில் தங்கையே பெட்டிக்குள் விரலை விட்டு ஒரு கடுகை ஒட்டி எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். பின் வரிசைக்கு அது தெரியவே இல்லை.

"டீச்சர், சும்மா விளையாடாதீங்க லா."

"நம்பலன்னா வகுத்துப் பாரு."

வகுத்துப் பார்த்தார்கள். சூரியனின் குறுக்களவில் பூமியை நூற்றுக்கும் மேல் அடுக்கலாம். பந்தின் குறுக்கே கடுகுகளும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தன. வெள்ளிக்கும் ஒரு கடுகு. புதனும் செவ்வாயும் கசகசா. வியாழனுக்கு, மீ கோரெங் நூடுல்ஸில் பிழியும் சின்ன எலுமிச்சை. சனி ஒரு சிறு நெல்லிக்காய். கடைசி இரண்டும், யுரேனசும் நெப்டியூனும், ஆளுக்கொரு கொண்டைக்கடலை. உலகப்படத்தில் மலேசியாவையே தேடிப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள், அந்த உலகமே கடுகாகி டீச்சரின் விரல்நுனியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூரம் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. பாடநூல் படத்தில் கோள்கள் பேருந்துக்கு நிற்பவர்களைப் போல நெருக்கியடித்து நிற்கும். பந்தைப் பள்ளி வாசலில் வைத்துக் கயிறு பிடித்து அளந்தபோது, கடுகு கேண்டீன் கதவுக்கே போய்விட்டது. ஒரு முக்காலியில் வெள்ளை அட்டை போட்டு அதன்மேல் கடுகை வைத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு கூச்சல்.

"டீச்சர்! பூமியக் காணோம்!"

"இவன்தான் டீச்சர் தும்முனான்!"

இரண்டாவது பூமியைப் பசை போட்டு ஒட்டினார்கள். பக்கத்தில் நிலாவுக்கு ஒரு ரவை, ஒரு சிறுவிரல் தூரத்தில். மனிதன் இதுவரை போயிருக்கும் தூரம் இந்தச் சிறுவிரல்தான் என்று தங்கை சொன்னாள். ஆறாம் ஆண்டுப் பெண் ஒருத்தி குனிந்து, தன் சிறுவிரலைக் கடுகுக்கும் ரவைக்கும் நடுவில் வைத்து அளந்தாள். பிறகு நிமிர்ந்து, கேண்டீனுக்கு அப்பால் பள்ளிக்கூட வேலியையும், வேலிக்கு வெளியே ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட காட்டையும் பார்த்தாள்.

"மத்ததெல்லாம் அங்கயா டீச்சர்?"

"அங்கதான்."

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒல்லி, கொஞ்சம் கீச்சுக் குரல், விட்டுக்கொடுக்காத வாய். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லோரி ஓட்டுகிறார். ஈப்போ மலையடியில் கல் ஏற்றிக்கொண்டு பழைய நெடுஞ்சாலை வழியாகக் கோலக்கங்சார் பக்கம் போவார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. சிமெண்டு மேடை, தகரக் கூரை, ஒரு சூலம். அந்த வழியாகப் போகும் நம்மவர் லோரி எதுவும் ஹார்ன் அடிக்காமல் கடப்பதில்லை. முடிந்தவர்கள் நிறுத்தி இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் அப்பா தினமும் நிறுத்துகிறவர். இரண்டு நீளமான ஹார்ன், வகுப்பறைவரை கேட்கும்.

"ந்தா, ஒங்கப்பா அட்டெண்டன்ஸ் போட்டுட்டாரு," என்பார்கள் பையன்கள்.

அவர் பள்ளிக்கு வந்தது அவ்வளவுதான். பகலில் லோரியை விட்டு இறங்க முடியாது. பள்ளிச் சாலைக்குள் லோரி நுழையவும் கூடாது. தவணை முடிவில் பெற்றோரை அழைத்து, கோள்களை அந்தந்தத் தூரத்தில் வைத்து நடத்திக் காட்டுவது என்று முடிவானபோது, 'அப்பா பார்க்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும்' என்பதுதான் அவளுடைய ஒரே கவலையாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

"எனக்கு நெப்டியூன் குடுங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நெப்டியூன் ஏறக்குறைய எழுநூறு மீட்டருக்கு அப்பால். பள்ளி வாசலிலிருந்து நேராகப் போகும் எஸ்டேட் செம்மண் சாலையில் அளந்தால், அது ஒரு காலத்தில் ரப்பர் தகடு உலர்த்திய, இப்போது இடிந்து கிடக்கும் புகைவீட்டுக்குப் பக்கத்தில் வருகிறது.

"சோறு கட்டிக்கிட்டுப் போ. யாரும் வரமாட்டாங்க," என்றான் ஒருவன்.

"புகைவீட்டுல நிக்கமாட்டேன். முனீஸ்வரர் கோயில்ல நிப்பேன்."

"கோயில் வேற பக்கம்ல? கோளுங்க எல்லாம் ரோட்டு மேல வரிசையா நிக்குது. ஒன் இஷ்டத்துக்கு நெப்டியூன தூக்கிட்டுப் போவியா?"

அவள் கரும்பலகைக்குப் போனாள். ஒரு புள்ளி வைத்தாள். அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

"டீச்சர்தான சொன்னாங்க, எல்லாம் சுத்துதுன்னு? வரிசையா நின்னா எப்பிடிடா சுத்தும்? தூரம் மட்டும் சரியா இருந்தாப் போதும். இந்த வட்டத்துல எங்க வேணும்னாலும் நிக்கலாம்."

தங்கை அலுவலக அறைக்குப் போய், அந்த வட்டாரத்தின் செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். காம்பஸ் முள்ளைப் பள்ளி வாசலில் குத்தி, பென்சிலைப் புகைவீட்டில் வைத்து, அந்தப் பெண் கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொன்னாள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி எக்கி நின்றார்கள். பென்சில் செம்பனைக் காட்டைக் கடந்து, ஆற்றைக் கடந்து, புது வீடமைப்பின் கூரைகள்மேல் ஏறி இறங்கி, நெடுஞ்சாலையைத் தொட்டது. கோயில் சரியாக வட்டத்தின்மேல் இல்லை. ஆனால் பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிட்டது.

"சரி, நில்லு," என்றாள் தங்கை.

கோள்களெல்லாம் வட்டமாகச் சுற்றுகின்றன என்று நானும் அந்த வயதில் மனப்பாடம் செய்தவள்தான். அது ஒரு வாக்கியமாகவே தங்கியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அது தன் அப்பாவிடம் போகும் பாதையாகிவிட்டதை அன்று நேரில் பார்த்தேன்.

காட்சி நாள் சனிக்கிழமை காலை. நல்ல வெயில். பெற்றோர் நிறையவே வந்திருந்தார்கள். பந்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேண்டீன் கதவில் கடுகைக் குனிந்து தேடி, "ஐயோ, இதுலயா நாமெல்லாம் இருக்கோம்?" என்றார்கள். ஒரு ஐந்தாம் ஆண்டுப் பையன் தரையில் ஊர்ந்த கட்டெறும்பு ஒன்றைக் காட்டி எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான்: "பந்துலேருந்து கெளம்புற வெளிச்சம் கடுகுக்கு வந்து சேர எட்டு நிமிசம் ஆகும் ஆன்ட்டி. இந்த எறும்பு போற வேகந்தான் வெளிச்சத்தோட வேகம்."

உலகத்திலேயே வேகமானது எறும்பாய் ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதைத் தாண்டி நடந்தோம்.

வியாழனோடு பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். சனிக்கு வந்தவர்கள் சிலர். யுரேனசில் நின்ற பையன் என்னைப் பார்த்ததும், "அப்பாடா, ஒரு மனுசி," என்றான். போகாத இடத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று பத்திரிகையில் என்னைப் பழக்கிவிட்டிருந்தார்கள். அதனால் ஆற்றுப் பாலத்தின் வழியாகச் சுற்றி நடந்து நெடுஞ்சாலைக்குப் போனேன்.

கோயில் மேடையில் அவள் ஒரு வெற்றிலை வைத்து, அதன் நடுவில் கொண்டைக்கடலையை வைத்திருந்தாள். முன்னால் 'நெப்டியூன்' என்று எழுதிய அட்டை, அதன்மேல் ஒரு கல். லோரிகள் போகும் காற்றில் வெறும் மேடையில் கடலை நிற்கவில்லை, அதனால்தான் வெற்றிலை என்றாள்.

"யாராச்சும் வந்தாங்களா?"

"மோட்டார்ல ரெண்டு பேரு. சாமி கும்பிட்டுப் போயிட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"காலையில சொன்னேன். வாரேன்னாரு. கல்லு ஏத்துற எடத்துல லேட் ஆனா நேரா போயிடுவாரு." சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

வெயில் ஏறியது. இரண்டு மூன்று கல் லோரிகள் ஹார்ன் அடித்துவிட்டு நிற்காமல் போயின. ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து நின்று பிறகு உட்கார்ந்தாள். பெரிய டிரெய்லர் ஒன்று கடந்தபோது அட்டை கல்லோடு புரண்டு காண்டாவுக்குள், அதாவது சாலையோரச் சாக்கடைக்குள் விழுந்தது. அதை எடுக்க அவள் இறங்கினாள். எட்டவில்லை என்று நானும் ஒரு குச்சியோடு குனிந்தேன்.

அந்த நேரத்தில்தான் இரண்டு நீளமான ஹார்ன் கேட்டது.

நாங்கள் ஏறி வருவதற்குள் லோரி நின்றிருந்தது. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைமுன் நின்று கும்பிட்டார். விபூதி எடுத்து நெற்றியில் இட்டார். வெற்றிலையையும் அதன் நடுவிலிருந்த ஒற்றைக் கடலையையும் பார்த்தார். எடுத்தார். இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். வாயில் போட்டார்.

"அப்பா! அது நெப்டியூன்!"

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னாது?"

"நெப்டியூன்ப்பா! முழுங்காதீங்க!"

"முழுங்கிட்டனே," என்றார் அவர், குரல் இறங்கிப்போய். "பிரசாதம்னு நெனச்சிட்டேன்டா."

அவள் முகம் சுருங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டீச்சர்கிட்ட என்னான்னு சொல்றது? எங்கப்பா ஒரு கோளையே தின்னுட்டாருன்னா?" அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இரு இரு," என்று லோரிக்குப் போய், வழியில் கொறிக்க வைத்திருந்த கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார். ஈப்போ புந்தோங்கில் வறுத்த கொண்டைக்கடலை.

"எது வேணும்? எடுத்துக்க."

"இது ரொம்பப் பெருசு. இது ஒடஞ்சிருக்கு." அவள் நிதானமாகத் தேடி ஒன்றை எடுத்து வெற்றிலையின் நடுவில் வைத்தாள். "இதான்."

"சரி, இதுதான் கோள்னா சூரியன் எங்க?"

அவள் காட்டின் பக்கம் கையை நீட்டினாள். மரங்கள்தான் தெரிந்தன. அந்தப் பக்கம் எங்கோ, பள்ளி வாசலில், ஒரு பழைய பந்து.

"அங்கேருந்து வெளிச்சம் இங்க வர நாலு மணி நேரம் ஆகும்ப்பா."

"நாலு மணியா? வெளிச்சத்துக்கா?" அவருக்கு அந்த நேரம் தெரியும். "லோடு ஏத்திக்கிட்டு நான் கோலாலம்பூர் போற நேரம்டா அது." வெற்றிலையில் இருந்த கடலையைப் பார்த்துக் கேட்டார்: "நாம எங்க இருக்கோம்?"

"கேண்டீன்கிட்ட. கடுகு."

அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதிர்ப்புறம், நெடுஞ்சாலைக்கு அப்பால் கைகாட்டி, "இந்தப் பக்கம்? இதுக்கப்புறம் என்னா?" என்றார்.

"தூசி, ஐஸ் கட்டி. அதுக்கப்புறம் ஒன்னுமே இல்லப்பா. அடுத்த சூரியன், அடுத்த பந்து, சவூதி பாலைவனத்துல இருக்கு. டீச்சர் கணக்குப் போட்டாங்க."

"நடுவுல?"

"ஒன்னும் இல்ல."

ஒரு பேருந்து கடந்தது. வெற்றிலை நடுங்கியது. அவர் குனிந்து, கடலை உருண்டுவிடாமல் உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பிடித்தார். பேருந்து போய்க் காற்று அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

"போவணும்டா," என்றார். "அடுத்த லோடு இருக்கு."

"சரிப்பா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார். வண்டி கிளம்பும்போது இன்னொரு முறை ஹார்ன் அடித்தார், இரண்டு நீளமாக. சாமிக்கு ஏற்கெனவே அடித்தாயிற்று. இது யாருக்கு என்று அவளுக்குத் தெரியும்.

அது அடங்கிய சில விநாடிகளில், செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, சூரியனும் கடுகும் இருந்த இடத்திலிருந்து, பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது மெல்லியதாகக் கேட்டது. அவள் அப்பா நின்று நெப்டியூனைப் பார்த்துவிட்டார் என்பது இரண்டாம் முறை அடித்த ஹார்னில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரித்தபடி அட்டையைத் துடைத்து மேடைமேல் வைத்து, பெரிய கல்லாகப் பார்த்து அதன்மேல் வைத்தாள்.