அவளுடைய கதையை ‘நான்’ என்று எழுதினேன்

நானும் அவளும் கோப்பெங் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறி லயத்து வீடுகளை இடித்த பிறகு, ஈப்போவில் ஒரே தாமான் குடியிருப்பில் குடியேறினோம். எனக்குப் பல் கிளினிக்கில் வேலை. அவள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்தாள். அவளுடைய ஒரே மகள் தத்துப்பிள்ளை என்பது, குடும்பத்துக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும்; மகளுக்கே தெரியாது. பாகான் டத்தோவிலிருந்து, பிறந்து ஒன்பதாம் நாள், பச்சைக் கட்டம் போட்ட கைலியில் சுற்றிக் கொண்டுவந்த குழந்தை.

போன வருடம் ஞாயிறு பத்திரிகைக்கு ஒரு சிறுகதை அனுப்பினேன். தத்தெடுத்த தாயே ‘நான்’ என்று சொல்லும் கதை. அவள் நம்பிய கூட்டாளி ரகசியத்தை வெளியே விட்டுவிடுகிறாள். ஏமாந்துபோன அந்தத் தாய்க்காக எழுதும்போதே அழுதேன். குழந்தை பிறந்த ஊரை ஹுத்தான் மெலிந்தாங் ஆக்கினேன். மகளை மகனாக்கினேன். இனி இது யார் கதை என்று யாருக்கும் தெரியாது என்று மனதார நம்பினேன்.

கதை வந்த ஞாயிறு காலை, மார்க்கெட் காப்பிக் கடையில் உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது பத்தியில் கைலி இருந்தது. பச்சைக் கட்டம். அதை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளை இன்றும் அதைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கும். அவர்கள் வீட்டுக் கொடியில் அது காய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அவள் பத்திரிகை வாங்குவதில்லை. ஆனால் மகள் அப்போது பதினாறு வயதில், படிவம் நான்கில் தமிழ் இலக்கியம் எடுத்திருந்தாள்; அவளுடைய ஆசிரியை ஞாயிற்றுக் கதைகளை வெட்டி ஒட்டச் சொல்பவர். திங்கட்கிழமை ஃபோன் அடித்த போதெல்லாம் அவளா என்று பார்த்தேன். “சாப்பிட்டாச்சா?” என்று அவளுக்கு வாட்சப் அனுப்பினேன். வெகு நேரம் கழித்து, “ஆச்சு” என்று வந்தது. வழக்கமாக என்ன குழம்பு என்றும் சொல்வாள்.

புதன்கிழமை மதியம் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கிளினிக்குக்கு வந்தாள்.

“வெளிய வாரியா?”

கார் நிறுத்துமிடத்தில் நின்றோம்.

“புள்ள பேப்பர எடுத்துட்டு வந்து, ‘அம்மா, இது என் கைலி லா’ன்னு சொல்லுது. நான் என்னா சொல்ல?”

“கதைதானே… யாருன்னு தெரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் மாத்தித்தான்…”

“‘நான்’னு எழுதியிருக்கியே, அந்த நான் யாரு? நீயா?”

நான் கிளினிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“கதையில வர்ற கூட்டாளியாச்சும் மன்னிப்புக் கேக்குறா. நீ இன்னும் கேக்கல.”

கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன். அவள் அழவில்லை.

“பதினெட்டு வயசானதும் நானே சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கணும், எங்க உக்கார வச்சு சொல்லணும்னு வருசக்கணக்கா யோசிச்சு வச்சிருந்தேன். அத நீ எடுத்துக்கிட்ட.”

அதற்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. பிள்ளை இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லையாம். பள்ளி விடுமுறையில் அவளும் கணவரும் பிள்ளையுமாக மூவரும் பாகான் டத்தோ போய் வந்ததாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

போன மாதம் மார்க்கெட்டில் அந்தப் பிள்ளையே என்னிடம் வந்தது.

“ஆன்ட்டி, அந்தக் கதையில அம்மா தெனமும் பயந்துக்கிட்டே இருப்பாங்களே, எங்கம்மாவும் அப்படித்தான் இருந்தாங்களா?”

பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது.

“அத அம்மாகிட்டயே கேளும்மா,” என்றேன்.

நாலு கடை தள்ளிக் கீரை வாங்கிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.