மாடியில் கேரன்டி, கீழே வாரன்டி

எங்கள் வீட்டு உபயோகப் பொருள் கடையில் புகார் கவுன்ட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே பதினோரு வருடமாக உட்கார்ந்து வசவு வாங்குகிறவளை நாங்கள் வாரன்டி அக்கா என்போம். அவள் முதுகுக்குப் பின்னால் ரிப்பேர் மேஜை என்னுடையது. வசவில் பாதி எனக்கும் வந்து விழும்.

ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவள் சொல்வது இதுதான். "கேரன்டின்னா கெட்டுப்போனா புதுசு குடுப்போம். வாரன்டின்னா கெட்டதைச் சரிபண்ணிக் குடுப்போம். உங்க கார்டுல வாரன்டின்னுதான் போட்டிருக்கு."

கேட்பவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே சொல்வார்கள். "மாடியில இருக்கிற தம்பி கேரன்டின்னாரே!"

மாடியில் விற்பனை பார்க்கும் அந்தத் தம்பி வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன். வீட்டில் எத்தனை சண்டை போட்டும் மனுஷர் கேட்கவில்லை. "வாரன்டின்னு சொன்னா யோசிக்கிறாங்க. கேரன்டின்னா உடனே பில் போடச் சொல்றாங்க. நான் என்ன பண்ண?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை ஒரு தையல்காரம்மா மூன்றாவது முறையாகத் தன் மிஷினைச் சுமந்துகொண்டு வந்தார். மோட்டார் போயிருந்தது. புது மோட்டார் வரப் பத்து நாள் ஆகும் என்றேன். அவருக்கோ திங்கட்கிழமைக்குள் நாற்பது பள்ளிச் சீருடை தைத்தாக வேண்டும். "கேரன்டின்னு நம்பித்தானே வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை.

அக்கா இன்டர்காமை எடுத்தாள். "கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. நீங்க குடுத்த வாக்கு இங்க உக்காந்திருக்கு."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்த, காலால் மிதிக்கும் தையல் மிஷினை அவள் புருஷனும் நானும் தையல்காரம்மா வீட்டுக்கு மூன்று மாடி ஏற்றினோம்; அக்காவும் பின்னாலேயே வந்தாள். லிஃப்ட் கிடையாது. வாய் அவருடையது, இடுப்பு வலி எனக்கும்.

"இதுவும் மக்கர் பண்ணாதே, தம்பி?" என்று கேட்டார் தையல்காரம்மா.

பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிறகு, "பண்ணினா நானே வந்து தூக்கிட்டுப் போறேம்மா" என்றார். மனுஷர் திருந்திவிட்டார் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மாடிப்படி வழியாக அதே குரல் இறங்கி வந்தது. "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க மேடம், ஃபுல் கேரன்டி!"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புகார்ப் புத்தகத்தில் புதுப் பக்கத்தைத் திருப்பி, தேதியை எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்தாள்.