“தண்ணி வருங்களா?”

மகள் கவிதாவுக்குச் சென்னையில் கல்லூரி கிடைத்ததும் எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. ஏரியூரிலிருந்து இருவரும் அறை தேடிக் கிளம்பினோம். கல்லூரிக்கு நடக்கிற தூரத்தில், வாசலில் வேம்பு நிற்க, வெளிச்சம் வழியும் ஒரு தரைத்தள அறை! பார்த்ததுமே மயங்கிவிட்டேன். குடம் சுமந்தே வளர்ந்த எனக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

“தண்ணி வருங்களா?”

“தாராளமா வரும்,” என்றார் வீட்டுக்காரர். சாவிக்குக் கை நீட்டினேன்.

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். “மழை வந்தா கட்டில் வரைக்கும் வரும்மா. செவுத்துல கோடு பாரு!”

புது வெள்ளைக்கு அடியில், கட்டில் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. என் மகளோ தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

“ஏம்மா, நீ கேட்டது கொழாத்தண்ணி, அவரு சொன்னது மழைத்தண்ணி!” கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்றே இரண்டு தெரு தள்ளி, மேட்டில் ஒரு மாடியறை பிடித்தோம்.

பிள்ளைகளுக்கு அறை பார்க்கப் போகிற ஊர்க்காரர்களிடம் இப்போதெல்லாம் இரண்டு கேள்விகளைச் சொல்லி அனுப்புகிறேன்: தண்ணீர் வருமா? வந்த தண்ணீர் போகுமா?