சோலைமலை வெட்டிய கான்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் சோலைமலையைப் போலக் கான் வெட்ட ஆள் கிடையாது. மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தேயிலைச் சரிவில் வளைத்து வெட்டுகிற வாய்க்கால்தான் கான். அவர் வெட்டிய கானில் தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்டு நடக்கும்.

ஒற்றை அறைக் காம்பிராக்கள் வரிசையாக நிற்கும் லயத்துக்குக் கீழே, ஓடையோரம் ஒரு சேற்றுப் பள்ளம் கிடந்தது. அட்டைகளைத் தவிர யாரும் அதைச் சீண்டுவதில்லை. சோலைமலையின் கண் அங்கே போய் விழுந்ததற்குக் காரணம், அவருக்கு வேறு மண் கிடைக்காததுதான். மரக்கறி போடுகிறவர்களுக்குக் காணி கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு நுவரெலியாவுக்குப் போனார். “பிரஜாவுரிமை இருக்கா?” என்று அலுவலகத்தில் ஒரே கேள்வி. இந்த மலையிலேயே பிறந்து, தகப்பனையும் இதே மலையில் புதைத்தவர், அந்தக் காகிதம் இல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்.

அன்று முதல் வேலை விட்டு வந்ததும் பள்ளத்தில் இறங்கினார். சுற்றிலும் கான் வெட்டிச் சேற்றை வடித்தார். ஆட்டுப்புழுக்கை போட்டுப் பாத்தி எடுத்தார். பனி கருக்கிவிடாமல் நாற்றுகளுக்கு மானாப்புல்லைப் போர்த்தினார். அவர் மனைவி அம்மாக்கண்ணு, கொழுந்து பறித்த கையோடு வந்து களை பிடுங்கினாள். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்த்தும் பாராதவராகப் போனார். அவர் வீட்டுக்கு அவ்வப்போது ஒரு கட்டு லீக்ஸ் போனது.

அடுத்த மார்கழியில் முட்டைக்கோஸ் என்கிற கோவா உருண்டு திரண்டு நின்றது.

“ஏண்ணே, ஒங்க தலயவிட கோவாத் தல பெருசா இருக்கே! காலையில ஆளு எண்ணுற பெரட்டுல அதயே நிறுத்துங்க, பேரு போட்ருவாங்க!” என்றான் பக்கத்துக் காம்பிராச் செல்லசாமி.

பொங்கலன்று பெரிய கங்காணி முன்னால் நடக்க, எல்லாரும் காணிக்கைத் தட்டோடு பங்களாவுக்குப் போய்த் தோட்டத் துரைக்குச் சலாம் வைப்பது வழக்கம்.

“ஏங்க, சின்னதா ரெண்டு எடுத்துக்கிட்டுப் போங்களேன்” என்றாள் அம்மாக்கண்ணு.

“என்னா புள்ள பேசுற? மொத வெளச்சலு. சூம்பலக் கொண்டுபோயி நீட்டுனா மரியாதயா?”

இருந்ததிலேயே பெரியதாக நான்கு கோவாவை அறுத்துத் தட்டில் வைத்தார். துரை ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“யாரு போட்டது?”

“நாந்தாங்க தொர.”

“எங்கே?”

மறுநாள் சோலைமலையே முன்னால் நடந்து கூட்டிப் போனார். துரை கைத்தடியால் மண்ணைக் கிளறினார். கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது.

“தண்ணி எப்பவும் இருக்கா?”

“கோடயிலயும் வத்தாதுங்க தொர!” நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னார்.

மறு வாரம் பள்ளத்தைச் சுற்றி முளைக்குச்சி அடித்திருந்தது.

“தொரைக்கு ஒன் மேல ரொம்பப் பிரியம், சோலைமலை” என்றார் கண்டாக்கு. “அங்கன தேயிலை நாத்து வளக்கத் தவறணை போடப் போறாங்க. கோவாவ இன்னிக்கே புடுங்கிடு.”

“ரெண்டாம் நடவுங்கய்யா. இன்னும் தல கட்டலீங்களே. ஒரு பதினஞ்சு நாளு…”

“நாளைக்கு ஆள் எறங்குது. கான் வேலைக்கு ஒன் பேரத்தான் போட்டிருக்கேன். அந்தத் தண்ணி ஓட்டம் ஒனக்குத்தானே தெரியும்?”

அன்று சாயங்காலம், விரித்த கை போல நின்ற செடிகளை இருவரும் வேரோடு பிடுங்கி, காம்பிராவுக்குக் காம்பிரா கொடுத்தார்கள். செல்லசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அம்மாக்கண்ணு மிச்சத்தை ஆய்ந்து உலையில் போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவருக்கு.

விடிந்ததும், தான் எடுத்த பாத்திகளைத் தானே வெட்டி நிரவினார். பல வருடம் கழித்து நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையில் விழும்வரை அந்தக் கானை அவர்தான் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு தேயிலை நாற்றுக்கூட அழுகியதில்லை.

தவறணை வந்த மறு பொங்கலுக்குப் பெரிய கங்காணி லயத்து வாசலில் வந்து நின்றார்.

“சோலைமலை, இந்த வருசம் தட்டுக்கு என்னா குடுக்குற?”

“எலுமிச்சம்பழம் வாங்கிக்கலாங்க” என்றார் சோலைமலை. “கடயில.”