நீலத் தட்டுக்கு வராத ரத்தம்

அக்கா வேலை முடிந்து வரும்போது ஸ்பிரிட் வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடும். இன்றைக்கும் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் இடத்தில் அந்த வாசனை அடித்தால், அந்த நாட்கள் திரும்ப வராதா என்று மனசு ஏங்குகிறது.

அவளுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. மனச்சிதைவு நோய்க்கு ஏதாவது வைரஸ் காரணமாக இருக்குமா என்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் ரத்தக் குழாய்கள் சிவப்புத் தட்டில் இருக்கும். அந்த நோயே இல்லாத குடும்பத்து ஆட்களுடையவை நீலத் தட்டில். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அதே நோய் எங்கள் வீட்டிலும் இருப்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அக்காவுக்கு அடுத்துப் பிறந்த என் அண்ணன் காதில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி தலை தெரிந்தால் அவன் அறைக்கதவு சாத்தப்படும். "தலைவலி, படுத்திருக்கான்" என்பாள் அம்மா. வருஷக்கணக்காகத் தீராத தலைவலி! உறவுக்காரர்கள் லேசுப்பட்டவர்களா என்ன? "வளர்ப்பு சரியில்ல" என்று அம்மா காதுபடவே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அக்கா மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் போனோம். நீலத் தட்டுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த டாக்டரம்மா, "நீங்களும் கொஞ்சம் ரத்தம் குடுங்களேம்மா" என்று அம்மாவைக் கையோடு உட்காரவைத்துவிட்டார். அக்காதான் எடுத்தாள்.

"உங்க வீட்ல யாருக்காவது மனநோய் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஐயய்யோ, எங்க பரம்பரையிலயே கிடையாது."

பழக்கதோஷம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அக்கா குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். சும்மா இருந்தால் தப்பான ரத்தம் நீலத் தட்டுக்குப் போகும். வாயைத் திறந்தால், இத்தனை காலம் பொத்திப் பொத்தி வைத்தது ஊருக்கே தெரிந்துவிடும்.

"இது நீலத்துக்கு வேண்டாம் டாக்டர். என் தம்பிக்கு மனச்சிதைவு இருக்கு."

அம்மா அவளை முறைத்த முறைப்பு! டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பையன் வயித்துல இருந்தப்ப உங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது வந்துச்சாம்மா?"

அதுவரை எல்லாரும் அம்மாவைக் கேட்டது, அடிச்சு வளர்த்தியா, செல்லம் குடுத்துக் கெடுத்தியா என்றுதான்.

"வந்துச்சு. உடம்பு அனலாக் கொதிச்சுது" என்றவள் உடைந்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன்.

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. தேடிக்கிட்டிருக்கோம்" என்றார் டாக்டரம்மா.

அதற்கப்புறம் யார் வந்தாலும் அண்ணன் அறைக்கதவு திறந்தே கிடந்தது. அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள், "கண்டுபிடிச்சாங்களா?" என்பாள் அம்மா. "முதல்ல அவளுக்கு டீயக் குடும்மா" என்று அண்ணன் உள்ளேயிருந்து அதட்டுவான்.

ஆராய்ச்சி எதையும் உறுதியாகச் சொல்லாமலே முடிந்தது. அன்றைக்கு அக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டாங்கம்மா."

"தெரியலன்னாவது சொன்னாங்களே, அது போதும்டி" என்றாள் அம்மா. "மத்தவங்க எல்லாம் தெரிஞ்சுபோன மாதிரில்ல என்னைப் பார்த்தாங்க."