மெமரீஸ் ஃபோல்டரில் என் அத்தை

“மக்சிக், சாப் மானா?”

போன செவ்வாய்க்கிழமை பதிவு இலாகா கவுண்டரில் இருந்த பெண் என் அத்தையிடம் கேட்டது இது. ஆன்ட்டி, சாப் எங்கே? மலாயில் சாப் என்றால் முத்திரை.

அத்தை என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பிரிண்டைப் பார்த்தேன். ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சீட்டு. அத்தை பெயர் இருக்கிறது, தாத்தா பெயர் இருக்கிறது. மூலையில் இருக்க வேண்டிய சிவப்பு முத்திரையை மட்டும் காணோம். பதிவு எண் அதற்குள்தான் இருக்கும். எண் இருந்தால் பழைய ரிஜிஸ்டரில் தேடிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் இது வெறும் காகிதம், வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“ஒரிஜினலா? அது லோரி ஏறிப் போச்சேப்பா,” என்றார் அத்தை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். என் அத்தை கிள்ளானில் பிறந்தவர். கிள்ளானைத் தாண்டிக் குடியிருந்ததே இல்லை. அவர் பெற்ற பிள்ளைக்குக் குடிமக்களின் நீல ஐசி, அதாவது அடையாள அட்டை. அவருக்கு மட்டும் சிவப்பு ஐசி. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் குடிமகள் கிடையாது. தேர்தல் அன்று எங்களுக்கெல்லாம் தோசை சுட்டுப் போட்டு ஓட்டுப் போட அனுப்பிவிட்டு, அவர் மட்டும் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பார். குடியுரிமை கேட்டு எத்தனையோ முறை எழுதிப் போட்டு, இப்போதுதான் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இங்கேயே பிறந்தவர் இங்கேதான் பிறந்தேன் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டும். அதற்கே எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

அவன் அத்தையின் மகன். பெயர் தினேஷ், எனக்கு மச்சான். பிரிக்ஃபீல்ட்ஸில் ஏசி ஆபீஸில் வேலை. வாழ்க்கையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று வீடியோ பார்த்துப் பார்த்தே வாழ்க்கையில் பாதியைத் தொலைத்தவன். தீபாவளிக்கு வீடு கழுவும்போது அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்களை இறக்கினான். உள்ளே இருந்த காகிதம் அத்தனையையும் போனில் ஸ்கேன் செய்தான், காசு கட்டி வாங்கிய நோட்ஸ் ஆப்பில் ஏற்றினான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கில் கத்திக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்ததும் டின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டான்.

கார் பார்க்கில் நின்றபடியே அவனுக்கு போன் போட்டேன், ஸ்பீக்கரில்.

“மச்சான், உங்கம்மா பொறப்புச் சீட்டுல சாப் எங்கடா?”

“ஏன், நான் அனுப்புன ஸ்கேன் க்ளியராத்தானே இருக்கு?”

“ரொம்ப க்ளியரா இருக்கு. சாப்பே இல்லாத அளவுக்கு. என்னடா பண்ண?”

“ஃபில்டர் போட்டேன்லா. எல்லாப் பேப்பர்லயும் மஞ்சளும் செவப்புமா ஒரே கறை. ஒரு தட்டு தட்டுனா சுத்தமாயிடும்.”

கறையாம். புதுக் காகிதம் எது வீட்டுக்குள் வந்தாலும் அத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்துத்தான் டின்னில் போடுவார். கரண்ட் பில் தவிர எல்லாவற்றுக்கும் இந்த மரியாதை உண்டு. ஃபில்டருக்கு அது அழுக்கு. குங்குமத்தைத் துடைத்த கையோடு, அதே நிறத்தில் இருந்த சாப்பையும் துடைத்துவிட்டது.

“அது கறை இல்லடா. உங்கம்மா வச்ச பொட்டு.”

அத்தை குறுக்கே புகுந்தார். “விடுப்பா. டின்னோட என்னையும் அந்த லோரியிலயே ஏத்தி விட்டிருக்கலாம். இந்த இன்டர்வியூ தொல்லையாவது மிச்சமாயிருக்கும்.”

சாயங்காலம் கிள்ளான் வீட்டில் மூவரும் அவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். ஆப்பைத் திறந்தால்... என்ன அழகு, என்ன கலர். ‘பிறப்பு’ என்று நானே தேடினேன், ஒன்றும் வரவில்லை. ‘அம்மா’ என்று தேடினால் அன்னையர் தின கேக் ரசீது. ‘ஹெல்த்’ டேக்கில் அத்தையின் தடுப்பூசி அட்டையும் இவன் ஜிம் ரசீதுகளும் ஒன்றாகக் கிடந்தன. கடைசியில் பிறப்புச் சீட்டு எங்கே இருந்தது தெரியுமா? ‘மெமரீஸ்’ ஃபோல்டரில். போர்ட் டிக்சன் பிக்னிக் டிக்கெட்டுக்குப் பக்கத்தில்.

ஒருத்தி பிறந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி உனக்கு மெமரியா? வீட்டில் எது எதற்கு என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காதவன் கையில் டேக் போடும் வசதியைக் கொடுத்தது யார்? இப்படித்தான் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. வாசிக்க நேரமில்லை, அடுக்க மட்டும் நேரமிருக்கிறது.

“கத்தாதடா, இரு,” என்று மச்சான் போனை எடுத்தான். ஸ்கேன் ஆப்பில் ஒரு மூலையில் ‘ஃபில்டரை நீக்கு’ என்று ஒரு பட்டன். முதலில் எடுத்த படத்தை அது அழிக்காமல் வைத்திருந்தது. மச்சானை விட அதற்கு அறிவு அதிகம்.

தட்டினான். மஞ்சள் வந்தது. குங்குமம் வந்தது. பக்கத்திலேயே சிவப்பு சாப், உள்ளே எண், முழுசாக.

“நல்லவேளை அத்தை, பொட்டு சாப் மேல படல,” என்றேன்.

“சாப் மேல வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? படிச்ச உங்களுக்குத்தான் எது பொட்டு எது அழுக்குன்னு தெரியல.”

வெள்ளிக்கிழமை அதே கவுண்டர். கலர் பிரிண்டைக் கொடுத்தோம். அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டார். ரிஜிஸ்டரில் தேடச் சொல்கிறேன், கிடைத்தால் கூப்பிடுவோம் என்றார். கிடைத்தால். இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தவருக்கு இந்த ‘ஆல்’தான் பதில். கையில் ஓர் ஒப்புகைச் சீட்டு கொடுத்தார். கீழே பளிச்சென்று புது சாப்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சீட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மஞ்சள். குங்குமம். சாப்பிலிருந்து தள்ளி.

“குடும்மா, ஒரு ஸ்கேன் எடுத்துக்கிறேன்,” என்று மச்சான் போனை நீட்டினான்.

அத்தை சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்.

“சுத்தம் பண்ணணும்னு ஆசையா இருந்தா, வீட்டக் கூட்டு.”